மேலறை நடுக்கம்: வீட்டில் நாடி பார்த்தலும் நடுக்கம் வந்தால் செய்ய வேண்டியதும்

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்கு அனுப்புவது இயல்பு. அந்தச் சுருக்கம் குலைந்து, மேலறைச் சுவர் ஆங்காங்கே தன்போக்கில் துடித்துக்கொண்டிருக்கும் நிலையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தமிழில் இதை மேலறை நடுக்கம் எனலாம். மருத்துவச் சீட்டில் ‘ஏ.எஃப்.’ என்று எழுதியிருப்பார்கள். அந்த நேரத்தில் மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் ஓடும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏ.வி. கணு அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தப்பி இறங்குபவை முறையில்லாமல் இறங்குவதால் கீழறை நிமிடத்துக்கு 100, 130, 160 என்று வேகம் மாறி மாறி அடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தால் தெரிவது இதுதான்.

சிலருக்கு நடுக்கம் சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து தானே அடங்கும். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தால் அது நிலைத்த நடுக்கம். பல ஆண்டுகளாக ஒழுங்குக்குத் திரும்பாமலே, துடிப்பின் வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு நல்லபடியாக வாழ்பவர்களும் உண்டு. படபடப்பு, மூச்சு முட்டல், கிறக்கம், காரணமில்லாத அசதி ஆகியவை வழக்கமான அறிகுறிகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இவற்றை வாயுக் கோளாறு என்று சொல்லி, சுக்கும் பெருங்காயமும் போட்டுக் குடித்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கணிசமான பேருக்கு எந்த அறிகுறியுமே இருப்பதில்லை. வேறு ஏதோ காரணத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போதுதான் தெரியவரும்.

நடுக்கத்தைவிட, நடுக்கத்தால் உண்டாகும் இரத்தக் கட்டிதான் அஞ்ச வேண்டியது. இடது மேலறையோடு ஒட்டி, காது மடல்போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை சரியாகச் சுருங்காதபோது அந்தப் பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பு தெரிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்த அபாயம் கூடுவதோ குறைவதோ இல்லை. வீட்டுக் கவனிப்பின் முறை முழுவதும் இந்த ஒரு உண்மையை ஒட்டியே அமைய வேண்டும்.

யாருக்கு வருகிறது

வயது, நெடுநாள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், இதயச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, மது ஆகியவை உலகெங்கும் பொதுவான காரணங்கள். இந்தியாவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமுமாக வந்து போன வாதக் காய்ச்சல், இருபது முப்பது ஆண்டு கழித்து இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நாற்பது வயதிலேயே நடுக்கம் தொடங்கலாம். பெண்களிடம் இது கூடுதல். பிரசவ காலத்தில்தான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

தென்கோடித் தமிழகத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு கேரளத்தில் நடந்தது. 2016 ஏப்ரலில் தொடங்கி ஓராண்டுக் காலம், மாநிலம் முழுவதும் 53 மருத்துவமனைகளில் 3,400க்கும் மேற்பட்ட மேலறை நடுக்க நோயாளிகளைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த நாஞ்சில் நாட்டுக்கு உணவிலும் உழைப்பிலும் கேரளத்தோடுதான் ஒட்டு அதிகம். ஆகவே அந்தப் பதிவேடு கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான இராஜாக்கமங்கலத்துக்கும் பொருந்தி வரும் என்று கொள்வதில் தவறில்லை.

நாடி பார்ப்பது

வீட்டில் உள்ள முதல் கருவி விரல்தான். சித்த மருத்துவர்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கும் அதே இடம் போதும்: உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரலின் நேர்க்கோட்டில், மணிக்கட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெல்ல வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பு குழப்பிவிடும். அழுத்திப் பிடித்தால் நாடி மறைந்துபோகும்.

பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து சுமையோடு ஏறி வந்தவர், தோட்டத்தில் தேங்காய் வெட்டி வந்தவர், அரை மணி நேரமாவது ஆறிய பிறகு பார்ப்பது நல்லது. காலையில் காப்பிக்கும் மாத்திரைக்கும் முன்பு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்பது நல்ல பழக்கம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்கு வழி சீரான நாடிக்குத்தான் சரி. நடுக்கத்தில் முதல் 15 விநாடியில் 20 துடிப்பும் அடுத்த 15 விநாடியில் 32 துடிப்பும் வரலாம். அதனால் முழு 60 விநாடியும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனிப்பது முக்கியம். சீராகப் போய்க்கொண்டிருக்கும் நாடியில் அவ்வப்போது ஒன்று முந்தி வந்து, சற்று இடைவெளி விட்டு மறுபடி பழைய தாளத்துக்கே திரும்பினால், அது பெரும்பாலும் தனித் துடிப்பு; நலமாக இருப்பவர்களுக்கும் வரும். மூச்சை இழுக்கும்போது வேகமாகி விடும்போது மெதுவாவது இளம் வயதில் இயல்பு. எத்தனை நேரம் விரல் வைத்திருந்தாலும் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாமல், ஒன்று பலமாக, ஒன்று மெலிந்து, இரண்டு நெருங்கி, ஒன்று விலகி வந்தால் மேலறை நடுக்கமாக இருக்கலாம் என்று எண்ணி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். உறுதி செய்வது ஈ.சி.ஜி.தான், விரல் சந்தேகத்தை மட்டுமே எழுப்பும்.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. நடுக்கத்தில் சில துடிப்புகள் மிக நெருங்கி வருவதால் கீழறை நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. அந்தத் துடிப்பு மணிக்கட்டு வரை வந்து சேராது. மணிக்கட்டில் 90 எண்ணும் அதே நிமிடத்தில் நெஞ்சில் 120 அடித்துக்கொண்டிருக்கும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே காரணத்தால் துடிப்பின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். வீட்டில் ஸ்டெதஸ்கோப் இருந்தால், இடது மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே வைத்து ஒருவர் எண்ண, அதே நேரத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ணுவது சிறந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கொண்டுபோனால், மாத்திரை அளவைத் தீர்மானிக்க மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

கருவிகள்

மின்னணு இரத்த அழுத்தக் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நடுக்கத்தில் ஒவ்வொரு துடிப்பின் பலமும் வேறாக இருப்பதால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் ஒரு சிறு இதயக் குறி மின்னும். ஒருமுறை மின்னினால் கை அசைந்ததாலும் இருக்கலாம். மூன்று முறையும் மின்னினால் பொருட்படுத்த வேண்டும். மேலறை நடுக்கத்தைத் தனியே கண்டறியும் கணிப்புள்ள கருவிகளும் விற்பனைக்கு உண்டு.

1887இல் அகஸ்டஸ் வாலர் லண்டனில் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலாக வரைந்து காட்டினார். அதன்பின் நெதர்லாந்தில் வில்லெம் ஐந்தோவன் செய்த ஈ.சி.ஜி. எந்திரம் சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேலையில் ஒரு பகுதியை இன்று தீப்பெட்டி அளவு கருவி செய்கிறது. அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியா, இந்தியாவில் உருவான சங்கேத் லைஃப் ஆகியவற்றில் இரு கை விரல்களையும் வைத்தால் கைபேசித் திரையில் ஈ.சி.ஜி. கோடு ஓடும். சில கைக்கடிகாரங்களும் இதைச் செய்கின்றன. 30 விநாடி நீளமுள்ள ஒரு தெளிவான கோட்டை மருத்துவர் பார்த்து நடுக்கம்தான் என்று உறுதி சொன்னால், அது ஏற்கத்தக்க சான்று.

கோடு தெளிவாக வர, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். கடலோர ஈரக்காற்றிலும் வியர்வையிலும் விரல் வழுக்கும். விரல் வறண்டிருந்தாலும் தொடர்பு விட்டுப்போகும், அப்போது லேசாக ஈரத் துணியால் தொட்டுக்கொள்ளலாம். முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, பேசாமல், சார்ஜில் இருக்கும் கைபேசியைத் தொடாமல் இருக்க வேண்டும். பதிவைச் சேமித்து மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எந்த நேரத்தில், என்ன அறிகுறியோடு எடுத்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது அவசியம். கருவியே ‘இயல்பு’ என்றோ ‘நடுக்கம் இருக்கலாம்’ என்றோ சொல்லும். அது முடிவான தீர்ப்பு ஆகாது.

இந்தக் கருவிகளால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, ‘தாளம் சரியாக இருக்கிறது’ என்று ஆறுதல்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. கைக்கடிகாரம் எப்போதும் நாடியைக் கவனித்துக்கொண்டிருப்பதும் இல்லை, இடையிடையேதான் பார்க்கிறது. அது எச்சரிக்கை தராததால் நடுக்கம் வரவில்லை என்று கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடு எடுத்துப் பார்த்துப் பதறுபவர்களுக்கு அந்தப் பதற்றமே நாடியை விரைவாக்கும். அறிகுறி உள்ளபோதும், காலை மாலை குறித்த நேரத்திலும் எடுத்தால் போதும்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 2021 முதல் நடந்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் நாடியையும் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பன்னிரு முனை ஈ.சி.ஜி. எடுத்துத் தரக் கேட்கலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

குறிப்பேடு

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, நேரம், நாடி எண்ணிக்கை, சீரா ஒழுங்கற்றதா, அழுத்தம், மாத்திரை எடுத்த நேரம் என்று பத்தி பிரித்து வைக்கலாம். நடுக்கம் வந்த நாளில் தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முந்தின இரவு தூக்கம் எப்படி, மது உண்டா, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்பதையும் எழுத வேண்டும். தொடங்கிய நேரம் மிக முக்கியம். மின்அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சீராக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்காதவரிடம் நடுக்கம் ஒரு நாளைத் தாண்டிவிட்டால் மேலறையில் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிவரும், அல்லது மூன்று வாரம் மாத்திரை கொடுத்த பிறகே சீராக்க முடியும்.

நடுக்கம் வந்தால்

முதலில் செய்கிற வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். மரத்தின் மேலோ கிணற்றுக் கரையிலோ பைக்கிலோ இருந்தால் இறங்கிவிட வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் கழித்து நாடியை முழு நிமிடம் எண்ணி, அழுத்தம் பார்த்து, கருவி இருந்தால் ஒரு கோடு எடுத்து, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். அன்றைய மாத்திரைகளில் எதுவும் விட்டுப்போனதா என்று அட்டையைப் பார்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்து வியர்த்திருந்தாலோ வயிற்றுப்போக்கு இருந்தாலோ கஞ்சித்தண்ணீர் அல்லது உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கலாம். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

முகத்தில் குளிர்ந்த நீரை அடிப்பது, மூச்சை அடக்கி முக்குவது போன்ற உத்திகள் வேறு வகைப் படபடப்பை நிறுத்தும். மேலறை நடுக்கத்தை அவை நிறுத்துவதில்லை. கழுத்து இரத்தக்குழாயை அழுத்தித் தேய்ப்பதை முதியவர்களிடம் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு பெயர்ந்து மூளைக்குப் போகலாம்.

சிலருக்கு மட்டும், நடுக்கம் வந்தவுடன் விழுங்க ஃப்ளெகெய்னைடு அல்லது புரோபஃபெனோன் மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே கொடுத்து வைப்பார். இத்தாலிய மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் இந்த முறை பயனளிப்பதைக் காட்டியது. இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு மட்டுமே, அதுவும் முதல் முறை மருத்துவமனையில் கண்காணிப்பில் கொடுத்துப் பார்த்த பிறகே இதை வீட்டில் அனுமதிப்பார்கள். மாரடைப்பு வந்தவருக்கு இது ஆபத்தான மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிப் போடுவதற்கு இதில் இடமில்லை.

துடிப்பு 110க்குக் கீழே, அழுத்தம் இயல்பு, மூச்சு முட்டல் இல்லை என்றால் பதறாமல் ஓய்வெடுத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி பார்த்துக்கொண்டிருக்கலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஓய்வில் 110க்குக் கீழே வைத்திருந்தவர்கள் 80க்குக் கீழே இறுக்கிப் பிடித்தவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ஓய்விலும் 110க்கு மேலேயே சில மணி நேரம் ஓடினால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். மருத்துவர் ஒருவருக்கென்று தனி எல்லை குறித்துக் கொடுத்திருந்தால் அதுவே செல்லும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள் வேறு. நெஞ்சு வலி, மயக்கம் அல்லது மயங்கி விழுதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், ஓய்விலும் 150க்கு மேல் துடிப்பு, 40க்குக் கீழ் துடிப்பு, கிறக்கத்தோடு 50க்குக் கீழ் துடிப்பு, மேல் அழுத்தம் 90க்குக் கீழ் என்ற எதுவாக இருந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்தத் தூரத்தை நம்பி, நோயாளியை பைக்கின் நடுவில் உட்காரவைத்து இருவர் அணைத்துக்கொண்டு போவது இந்தப் பக்கம் அடிக்கடி காணும் காட்சி. வழியில் மயங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருக்கும், பயிற்சி பெற்றவரும் இருப்பார்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ சட்டென்று பலமிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண் பார்வை மங்குவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளம். சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அது எச்சரிக்கைதான். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தையும், உறையாமை மாத்திரை கடைசியாக விழுங்கிய நேரத்தையும் வீட்டார் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வாயில் தண்ணீரோ காப்பியோ ஆஸ்பிரினோ கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் போயிருந்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். இரத்தக் கசிவால் வந்த பக்கவாதமானால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும்.

உறையாமை மாத்திரை

வீட்டுக் கவனிப்பில் இதற்கு மேலான வேலை வேறில்லை. நடுக்கம் அடங்கிவிட்டது, மூன்று மாதமாகப் படபடப்பே இல்லை, இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் பக்கவாதத்தோடு வந்து சேர்கிறார்கள். இதை யார் எடுக்க வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள்: இதயச் செயலிழப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரை வயது ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, 75 வயதும் அதற்கு மேலும் என்றால் இரண்டு, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. இரண்டும் அதற்கு மேலும் என்றால் மாத்திரை தேவை என்பது பொது விதி. படபடப்பு அந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

மாத்திரையில் இரண்டு வகை. வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பெயரில் கிடைக்கும் அசினோகூமரால் ஆகியவை பழைய வகை. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இவைதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய செயற்கை வால்வோடு இருப்பவர் வாழ்நாள் முழுவதும் பழைய வகை மாத்திரையை விடக் கூடாது. வாதக் காய்ச்சல் வால்வு நோயோடு நடுக்கமும் உள்ளவர்களுக்குப் புதிய வகை மேலாக இருக்குமா என்று இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஆய்வு 2022இல் வெளியானது. பழைய மாத்திரை எடுத்தவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. புதிது, விலை கூடியது என்பதால் நல்லது என்று இதில் மாறிக்கொள்ளக் கூடாது.

பழைய வகைக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை கட்டாயம். நடுக்கத்துக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்; மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு எல்லை இன்னும் சற்று மேலே. தொடக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைத் தடுக்கும். அதற்காகக் கீரையை அறவே விட வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு என்பது மாறாமல் இருந்தால் போதும். ஆடி மழையில் முருங்கை தழைத்த வாரம் தினமும் முருங்கைக்கீரைத் துவரன், பிறகு ஒரு மாதம் கீரையே இல்லை என்று போனால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். மீன், மரச்சீனி, தேங்காய், வாழைப்பழம் இவற்றால் சிக்கல் இல்லை. ஆன்டிபயாட்டிக் மருந்து சில நாள் எடுக்க நேர்ந்தால் ஐ.என்.ஆரை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

புதிய வகையில் டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவை வருகின்றன. ஐ.என்.ஆர். வேண்டியதில்லை. அதனாலேயே ஒரு நேரம் விட்டுப்போனாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாளிலேயே இவற்றின் பாதுகாப்பு நீங்கிவிடும். ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் முழுதாக உடலில் சேரும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலை உடைக்கவோ பிரித்துக் கொட்டவோ கூடாது. ஈரம் பட்டால் கெடும் என்பதால் கடலோர வீடுகளில் மாத்திரை டப்பாவுக்கு மாற்றாமல், விழுங்கும் நேரம் வரை அட்டையிலேயே இருக்க வேண்டும். மறந்துபோனால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். நாளுக்கு இருவேளை மாத்திரையில் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். எப்போதும் இரட்டையாக விழுங்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரகச் செயல்பாடு பார்க்க வேண்டும். வயது கூடியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

தொழிலைப் பொறுத்து எச்சரிக்கை மாறும். பல நாள் கடலில் தங்குபவர் வள்ளத்தில் தண்ணீர் புகாத டப்பாவில் தங்கும் நாட்களுக்கு வேண்டியதோடு இரண்டு நாளுக்குக் கூடுதல் மாத்திரையும், மருந்தின் பெயர் எழுதிய அட்டையும் வைத்திருக்க வேண்டும். கூட வருபவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தூண்டிலோ கத்தியோ கிழித்தால் சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். எட்டி எட்டிப் பார்த்தால் நிற்காது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை ஏறுபவருக்கு இந்த மாத்திரையோடு மரம் ஏறுவது தகாது. வீட்டார் மாற்று வேலை ஏற்பாடு செய்துதர வேண்டிய இடம் இது. தலையில் அடிபட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கறுப்பாகக் கீல்போல் மலம் போவது, சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், திடீர்க் கடும் தலைவலி ஆகியவை உடனே பார்க்க வேண்டியவை.

இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகள் இரத்தக் கசிவைப் பெருக்கும். பாரசிட்டமால் அளவோடு எடுக்கலாம். இடுப்பில் போடும் தசை ஊசியைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். குமரி மாவட்டம் வர்மத்துக்குப் பேர்போனது. தடவு முறை, தட்டு முறை எதற்கு முன்பும் ஆசானிடம் உறையாமை மாத்திரையைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும். அழுத்திப் பிடித்த இடத்தில் உள்ளே இரத்தம் கட்டும். குளிகை, லேகியம், கசாயம் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதே நல்லது. இஞ்சி, பூண்டு, மஞ்சளைக் குழம்பில் சேர்ப்பதில் தவறில்லை. செறிவூட்டிய மாத்திரையாக எடுப்பது வேறு. பல் பிடுங்கவோ அறுவைக்கோ போகும்போது மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

மற்ற மாத்திரைகள்

மெட்டோபுரோலால், பைசோபுரோலால், டில்டியாசெம் ஆகியவை வேகத்தைக் குறைக்கும். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். டிஜாக்சின் எடுப்பவருக்குக் குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் படர்தல் வந்தால் மருந்து அளவு மிஞ்சியதன் அடையாளம். வேலியோரம் நிற்கும் மஞ்சள் அரளியின் கொட்டையிலும் இதே வகை நச்சு இருக்கிறது. அரளி சேர்ந்த எந்த நாட்டுமருந்தும் இதய நோயாளிக்கு ஆகாது. அமியோடரான் எடுப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். வெயிலில் தோல் கறுக்கும் என்பதால் உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்பவர் உடலை மூடிக்கொள்ள வேண்டும். வார்ஃபரினோடு அமியோடரான் சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும்.

எது தூண்டுகிறது

மது முதலில் நிற்கிறது. வாரம் பத்து மது அளவோ (ஸ்டாண்டர்டு டிரிங்க்) அதற்கு மேலோ குடித்துவந்த 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. குடியை விட முயன்றவர்களில் 53 சதவீதத்தினருக்கும், தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும் நடுக்கம் திரும்ப வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கோவில் கொடை, கல்யாண வீடு இவற்றுக்கு மறுநாள் படபடப்போடு வருபவர்களை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் பத்து சதவீதம் குறைத்துத் தக்கவைத்தால் நடுக்கம் பெருமளவு குறையும் என்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை.

காப்பியைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். ஒருநாளைக்கு ஒன்றிரண்டு குவளையால் நடுக்கம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. குடித்தவுடன் தனக்கு வருகிறது என்று குறிப்பேட்டில் தெளிவாகத் தெரிந்தவர் மட்டும் விட்டுவிடலாம். சாளையும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மீன் எண்ணெய்க் காப்ஸ்யூலை அதிக அளவில் எடுப்பது நடுக்க அபாயத்தைக் கூட்டுகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூலம் சேரும் உப்பு அழுத்தத்தை ஏற்றும் என்பதால் குறைக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர்களும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. சளிக்காக வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் சில துடிப்பை விரட்டும்.

தொடர் பரிசோதனை

முதல் முறை நடுக்கம் தெரிந்தவுடன் எக்கோ, தைராய்டு, இரத்த அணுக்கள், சிறுநீரகம், பொட்டாசியம், சர்க்கரை ஆகிய பரிசோதனைகள் ஒருமுறை முழுதாக நடக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்துக் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும். மாத்திரையாலும் அடங்காமல் அடிக்கடி வந்து வாழ்க்கையைக் கெடுக்கும் நடுக்கத்துக்கு அப்லேஷன் என்னும் சிகிச்சை உண்டு. நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயில்தான் பெரும்பாலான நடுக்கம் தொடங்குகிறது என்று பிரான்ஸின் ஐசகெர் குழு 1998இல் கண்டறிந்த பிறகு வளர்ந்த முறை அது. தொடை வழியே குழாய் செலுத்தி அந்த இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ பிரித்துவிடுவார்கள். அப்லேஷனுக்குப் பின் தாளம் சீராகிவிட்டாலும் குறைந்தது இரண்டு மாதம் உறையாமை மாத்திரை தொடர வேண்டும்; அதற்கு மேலும் எடுக்க வேண்டுமா என்பதை மேலே சொன்ன மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. சிகிச்சைக்குப் போகுமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, அந்த மருத்துவமனையில் எந்தச் செலவு அதில் அடங்கும் என்று கேட்டுவிடுவது நல்லது.